கவனம்தான் கவசம்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே குற்றாலிங்கத்துக்கு ஒரு சோப்புக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், சோப்புக் கட்டிகளைக் காய வைக்கும் தட்டுகள், வேலைக்கு ஏழெட்டுப் பெண்கள். ஒவ்வொரு சோப்பு உறையின் உள்பக்கத்திலும் அவரே எழுதிய இரண்டு வரி அச்சாகியிருக்கும். மனதைப் பற்றி இருக்கும், மௌனத்தைப் பற்றி இருக்கும். சோப்பு கரைந்த பிறகும் உறையைப் பத்திரமாக வைத்திருப்பதாக எங்கிருந்தெல்லாமோ போன் செய்து சொல்வார்கள்.

அவருக்குத் தியானம் சொல்லித் தந்தவர் உலகம்மை. பாபநாசம் போகும் வழியில் சின்னதாக ஒரு தியான மண்டபம் நடத்தி வந்தார். குற்றாலிங்கத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் இவர் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். தொழில் ஒரு பக்கம், தியானம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டாம் என்று உலகம்மை சொல்லப்போய்த்தான் கம்பெனியின் நடைமுறையே மாறியது. காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரும் கண்மூடி உட்கார வேண்டும். அதன் பிறகு அன்று எழுதியதைக் குற்றாலிங்கம் வாசிப்பார். பெண்கள் கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள்.

பட்டால் தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பது பேச்சித்தாயின் வேலை. அவள் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப் போயிருந்தது, வாரும் அறுந்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டாள். குற்றாலிங்கம் கருமி அல்ல. ஆனால் அன்று காலை எழுதிய வரியின் நிறைவு அவருக்குள் இன்னும் அடங்கவில்லை. அதையே அவளுக்கும் சொன்னார்.

“கவனம்தான் கவசம், பேச்சித்தாய்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கண்ணாடி அவருக்கு மறந்தே போனது.

சில நாளிலேயே கரைசல் தெறித்து அவள் வலது கண்ணில் பட்டது. தண்ணீரை ஊற்றிக் கழுவி, வண்டி பிடித்து, அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். வைத்தியச் செலவு எல்லாம் அவரே பார்த்தார். பார்வை மட்டும் திரும்பவில்லை.

அந்தத் துக்கத்தில் இரவெல்லாம் விழித்து ஒரு கட்டுரை எழுதினார். கண்ணை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவள் அருகில் உட்கார்ந்து தான் கற்றுக்கொண்ட கருணையைப் பற்றி. படித்தவர்கள் கலங்கிப் போனார்கள். பலருக்கும் அனுப்பினார்கள். புது ஊர்களிலிருந்தெல்லாம் சோப்பு கேட்டார்கள். பேச்சித்தாய் மட்டும் அவர் பார்க்கப் போனபோதெல்லாம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டுரையை எடுத்துக்கொண்டு உலகம்மையிடம் போனார்.

“அழுதுகிட்டேதாம்மா எழுதினேன். படிச்சவங்களும் அழுதாங்க. அவ மனசு மட்டும் ஏன் இளகல?”

உலகம்மை முழுவதையும் படித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க போவோம் என்றார்.

பேச்சித்தாய் வீட்டுக்குள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்வை போன கண்ணை எந்நேரமும் மூடியே வைத்திருந்தாள். உலகம்மை தானாகவே ஒரு பாயை எடுத்து விரித்து, இவளுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றார். குற்றாலிங்கம் வாசித்தார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரி வரை வாசித்து முடித்தார்.

பேச்சித்தாய் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்கீய, அண்ணாச்சி. நான் கண்ணாடி கேட்டது எங்க?”

அவர் தாள்களைப் புரட்டினார். அதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் புரட்டினார்.

“எழுதுற வேகத்துல விட்டுப்போச்சு.”

அவள் ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் காத்திருந்தும் திரும்பி வரவில்லை.

இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள். வாய்க்கால் பாலம் வரை நடந்தார்கள். அங்கே குற்றாலிங்கம் நின்றுவிட்டார். குரலில் கோபம் ஏறியிருந்தது.

“கவனம்தான் கவசம்னு எனக்குச் சொன்னது யாரு? நீங்கதானே அம்மா? அதைத்தானே நான் எழுதினேன்?”

உலகம்மையின் முகம் கறுத்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான்.”

 பிடியை விட்டுவிட்டுக் குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“உங்க மனசு அலைபாயுதுன்னு வந்தீங்க, சொன்னேன். கண்ணாடி கேட்டவளுக்கு அதையா எடுத்துக் கொடுப்பாங்க?”