ருசி பார்த்தவர் இருவர்

ஒரு விடுகதை சொல்கிறேன். நாம் பாடுபட்டுச் சேர்ப்பது. ஆனால் நம் வீட்டில் இருக்காது, அடுத்தவர் வீட்டில்தான் இருக்கும். அது என்ன?

நல்ல பெயர்தான், வேறென்ன! பதினொரு வயதுச் செங்கமலத்துக்கு அது மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது.

மலைமேல் முருகன் கோயிலை ஒட்டி ஒரு மடம். அதை நடத்தியவர் மனோன்மணி அம்மை. அவரிடம் பாடம் கேட்டுவந்த செங்கமலம், வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் படைக்க வெண்பொங்கல் வைப்பாள். படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அந்தப் பானை சாமிக்கு ஆகாது. அப்படியிருந்தும் அவள் பொங்கலில் உப்பு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

“அந்தப் பிள்ளைக்கு முருகனே உப்பு அளந்து கொடுக்கிறான்” என்றது ஊர்.

அன்று தைப்பூசம். விரதமிருந்து மலையேறி வந்த கூட்டம் வாசலில் உட்கார்ந்திருந்தது.

“பாப்பா, பசி காதை அடைக்குது!” என்று குரல் கொடுத்தார் மிளகாய் வியாபாரி வேலாயுதம்.

“சும்மா இருங்கண்ணே. செங்கமலம் வைக்கிற பொங்கல், காத்திருந்துதான் சாப்பிடணும்” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

உள்ளே செங்கமலம் சிரிக்கவில்லை. எப்போதும் போடும் கல்லுப்பு தீர்ந்து, அன்று யாரோ கொடுத்த தூள் உப்பைப் போட்டிருந்தாள். அளவு சரிதானா என்று மனசு அடித்துக்கொண்டது. கரண்டி நுனியில் ஒட்டியிருந்ததை எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

படையலுக்குப் பானையை எடுக்க அம்மை வந்தார். செங்கமலம் பானைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“என்ன கண்ணு, வழிமறிக்கிறாய்?”

“அம்மா... உப்பு சரிதானா என்று நான் ருசி பார்த்துவிட்டேன்.”

“யாராவது பார்த்தார்களா?”

“இல்லை. முருகன் மட்டும்தான்.”

“உப்பில் சந்தேகம் வந்ததும் அவனிடம் கேட்டிருக்கலாமே?”

“நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்வானே!”

“இத்துனூண்டு உப்புக்கா?” அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செங்கமலத்துக்கு அழுகை வந்துவிட்டது. “வேறு பானை வைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் என் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் பெயர் நிற்குமா அம்மா?”

“நிற்கும். அவர்கள் மெச்சுவது ருசி பார்க்காத செங்கமலத்தை. பெயர் அவளுக்கு நிற்கும்.”

“அப்படியென்றால் எனக்கு?”

அம்மை மூடியைத் திறந்து ஒரு கரண்டிப் பொங்கலை எடுத்தார். ஊதி ஊதி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“அம்மா!”

“பிரமாதம். மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல்.”

“நீங்களும் சாப்பிட்டுவிட்டீர்களே!”

“ஆமாம். இப்போது ருசி பார்த்தவர்கள் இரண்டு பேர்” என்று அம்மை வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் வெளியே போய், ‘படைக்கும் முன்னே நான் ருசி பார்த்துவிட்டேன்’ என்று சொல்கிறேன். அதில் பொய் இல்லை. சாமிக்கு வேறு பானை வைத்துவிடலாம். உன் பெயரும் அப்படியே இருக்கும். இல்லையென்றால் நீ போய்ச் சொல்லலாம். யார் போவது?”

வாசலில் வேலாயுதம் மறுபடி குரல் கொடுத்தார். “பாப்பா, உயிரோடு இருக்கும்போதே போடுவீங்களா?”

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு பானையை எடுத்து அம்மையிடம் கொடுத்துவிட்டு, தானே வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.