மன்னிப்புப் பூவுக்குக் கோபம் வந்த கதை

அரைவேக்காட்டூர் பேண்டு செட்டில் மொத்தம் மூன்று பேர். பெரிய டிரம் சடையாண்டி, ஜால்ரா இடும்பன், டிரம்பெட் மாசிலாமணி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை, அதுவும் தன்னிடம்தான் இருக்கிறது என்பது மாசிலாமணியின் அபிப்பிராயம். மற்ற இருவரும் மறுத்ததில்லை. மறுப்பதென்றால் யோசிக்க வேண்டுமே.

அந்த மாசிலாமணிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண், தாழையூர் வெல்ல வியாபாரி காளியண்ணனின் மகள் செல்லக்கிளி. டவுனில் பொக்கே கடையில் வேலை. நிச்சயதார்த்தத்துக்கு வெளியாளைக் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் என்று மாப்பிள்ளையே டிரம்பெட் ஊதினான். காளியண்ணனும் பூரிப்பில், "நான் போதும்னு சொல்ற வரைக்கும் வாசிங்கடா!" என்றார். சொன்ன கையோடு வெல்ல மூட்டைகளோடு லாரி ஏறி வெளியூர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் திரும்பினார். தெருவே காலியாகக் கிடந்தது. எருமை பால் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. வாசலில் மூவரும் கன்னம் வீங்கி, கண் சொருகி, வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும்டா பாவிகளா! கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! இனிமே என் வாசல்ல உங்க மூஞ்சியப் பார்க்கக் கூடாது!"

முகூர்த்தம் வருகிற வெள்ளிக்கிழமை. பத்திரிகைகூடக் கொடுத்தாயிற்று. மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை செல்லக்கிளி போன் செய்தாள்.

"இங்க பாருங்க, அப்பாவுக்குப் பூன்னா உசுரு. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். ரோஸ் கலர்னா மன்னிப்பு. வெள்ளைன்னா துக்கம். சிவப்புன்னா... அது நமக்குள்ள. அதை அப்பாகிட்ட நீட்டித் தொலைச்சிராதீங்க. விடியறதுக்கு முன்னாடி பறிங்க, வாடாது. முதல் பஸ்ஸுல ஏறுங்க. அப்பா சாப்பிட்டு எந்திரிச்சதும் குடுங்க. பசியில அவரு சாமிகிட்டகூடப் பேசமாட்டாரு."

பஞ்சாயத்து ஆபீஸ் பின்னால் நிறம் மாறுகிற செம்பருத்தி ஒன்று நிற்கிறது. காலையில் வெள்ளை, மத்தியானம் ரோஸ், சாயங்காலம் சிவப்பு, பொழுது விழுந்தால் சுருங்கிவிடும். இது ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். இவர்கள் மூவரும் அதை மத்தியானத்தில் மட்டுமே பார்த்தவர்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் எழுந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் போய் நின்றார்கள். செடி முழுக்க வெள்ளை.

"நேத்து ரோஸாத்தானே இருந்துச்சு?" என்றான் சடையாண்டி.

"பனியில நனைஞ்சு சாயம் போயிருக்கும்" என்றான் இடும்பன்.

மாசிலாமணி குனிந்து மண்ணைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தான். "சாயம் போனா கீழ சொட்டியிருக்கணும்ல? மண்ணுல ரோஸ் இல்ல. இது பயம்டா. யார்கிட்டக் கூட்டிட்டுப் போறோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. முகம் வெளுத்துருச்சு."

எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு லேசாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கே புல்லரித்தது. ஆறு பூவைப் பறித்து, டிரம்பெட் பெட்டியில் ஈரத்துணி விரித்து வைத்துக்கொண்டான்.

முதலில் வந்த பஸ் தாழையூருக்கு எதிர்த்திசையில் போகிற பஸ். முதல் பஸ் என்றுதானே சொன்னாள்? ஏறினார்கள். வழி நெடுகப் பூவுக்குத் தைரியம் சொன்னார்கள்.

"பயப்படாத கண்ணு, மாமா கத்துவாரே தவிர கை நீட்டமாட்டாரு."

"உன்னை மாதிரி அழகு இந்தத் தாலுகாவுலயே இல்ல தாயி."

கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி, பஸ் மாறித் தாழையூரில் இறங்கும்போது உச்சி வெயில். பெட்டியைத் திறந்தால் ஆறும் அழகான ரோஸ்.

"வெட்கப்படுதுடா!" என்று சடையாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். "நீ அழகுன்னு சொன்னல்ல, அதான்."

அடுத்த சிக்கல், வாசல். மூஞ்சியைப் பார்க்கக் கூடாதே. மாசிலாமணி அதற்கும் வழி வைத்திருந்தான். மூவரும் பின்னோக்கியே நடந்து போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளே காளியண்ணன் சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

"எந்திரிச்சுட்டாரா பாரு" என்றான் மாசிலாமணி.

"திரும்பினா மூஞ்சி தெரியுமே" என்றான் இடும்பன்.

"அப்ப எப்படித் தெரியும்?"

"எந்திரிச்சா அவரே சொல்லமாட்டாரா?"

காளியண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் மூன்று முதுகு. 'யாரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்' என்று போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். மூவரும் ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்ததும் மாசிலாமணி பெட்டியைத் திறந்தான். ஆறும் செக்கச்செவேல்.

"கோபம்" என்றான் நடுங்கிப்போய். "காலையில இருந்து காக்க வச்சா யாருக்குத்தான் கோபம் வராது?"

"மன்னிப்புக் கேட்டுருவோம்" என்றான் சடையாண்டி.

"எதைக் குடுத்துக் கேக்கறது? மன்னிப்புக்கு ரோஸ் கலர் பூ வேணுமே?"

"அதான் இவங்க இருக்காங்களே."

"இவங்கதாண்டா கோபமா இருக்காங்க!"

மூவரும் பெட்டி முன்னால் மண்டியிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூ மசியவில்லை. பொழுது விழுந்தது. ஒவ்வொன்றாகச் சுருங்கித் தலை தொங்கின.

"போயிருச்சு" என்றான் இடும்பன், கண்ணைத் துடைத்தபடி. "கோபத்துலயே உசுரு போயிருச்சு."

புதன்கிழமை விடியுமுன் மறுபடியும் செடியடியில் நின்றார்கள். துக்கத்துக்கு வெள்ளை. செடி முழுக்க வெள்ளை. "பாத்தியா, விஷயம் கேள்விப்பட்டிருக்கு" என்றான் மாசிலாமணி. உயிர் போனது தாழையூரில் என்பதால் துக்கமும் அங்கேதான் கேட்க வேண்டும். அதே முதல் பஸ், அதே சுற்று, அதே உச்சி வெயில். துக்க வீட்டுக்கு முதுகைக் காட்டிப் போவது முறையில்லை என்று இந்த முறை நேராகவே போனார்கள்.

காளியண்ணன் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இரண்டு கையிலும் ரோஸ் பூவோடு, அழுத கண்ணோடு நின்றான். செல்லக்கிளி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெல்லம் விற்கிற மனசு, இளகிவிட்டது. பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன் மாப்ள. வெள்ளிக்கிழமை கல்யாணம்."

மாசிலாமணி அப்போதுதான் பூவின் நிறத்தைப் பார்த்தான். பூவை வெடுக்கென்று பிடுங்கினான். "ஐயோ மாமா, இது உங்களுக்கில்ல! செத்தவங்களுக்குங்க! துக்கம் கேக்க வந்த இடத்துல வெக்கங்கெட்டதுங்க, பாருங்க மாமா, வெட்கப்படுதுங்க!"

"யாருடா செத்தது?"

மாசிலாமணி பெட்டியைத் திறந்து, ஈரத்துணியை மெல்ல விலக்கிக் காட்டினான். "நேத்து, உங்க வாசல்லதான். கோபத்துல."

காளியண்ணன் உள்ளே பார்த்தார். மூவர் முகத்தையும் பார்த்தார். மீசை துடித்தது. "சரிடா. முறையா அடக்கம் பண்ணிரலாம். வாசிங்க."

"எவ்வளவு நேரம் மாமா?"

"அப்பா, வேண்டாம், சொல்லாதீங்க!" என்று செல்லக்கிளி பாய்ந்து வருவதற்குள் சொல்லிவிட்டார்:

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்!"

சொன்னவருக்குச் சிரிப்பு பீறிட்டது. விழுந்து புரண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் தொண்டை கட்டிக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. கையை ஆட்டினார். "மாமா தாளம் போடறாருடா!" என்று சடையாண்டி வேகத்தைக் கூட்டினான். கும்பிட்டார். "ரசிக்கிறாரு!" என்றான் இடும்பன்.

வாசித்தார்கள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமலே மாசிலாமணி தாலி கட்டினான். மணப்பெண் காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் விருந்தில் காளியண்ணனுக்குக் குரல் திரும்பியது. ரசம் ஊற்றியவரைப் பார்த்து, "போதும்" என்றார்.

சட்டென்று வாசிப்பு நின்றது. மூன்று நாளுக்குப் பிறகு மாசிலாமணி வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்தான். பக்கத்தில் மஞ்சள் கயிறோடு உட்கார்ந்திருந்த செல்லக்கிளியிடம் குனிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஏம்புள்ள, மாமா நெஜமாவே மன்னிச்சுட்டாரா? அப்ப வெள்ளிக்கிழமை கல்யாணம் வச்சுக்கலாமா?"