நோவறியாரும் நீண்ட மூக்குக் கிளியும்

நீங்களும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை, நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்களும் பிறக்கவில்லை. அவ்வளவு காலத்துக்கு முன்னால் ஓர் ஆற்றங்கரையில் பொறையனார் என்று ஒரு முனிவர் இருந்தார்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது.

எந்த உயிரையும் நோகடிப்பதில்லை என்பது அவர் விரதம். மற்றவர்கள் விரதம் இருந்தால் பொழுது சாய்ந்ததும் முடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இவருடையது முடிகிற விரதம் இல்லை. செடிக்கு வலிக்கும் என்று இலை பறிக்க மாட்டார். தானாக விழுந்த இலையில்தான் சாப்பாடு. புல்லுக்கு வலிக்கும் என்று பாதையை விட்டு இறங்க மாட்டார். பேன்களுக்கு வீடு போய்விடும் என்று தாடியை மழிக்க மாட்டார். தாடி இடுப்பைத் தாண்டிவிட்டது. பேன்கள் அதில் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தன.

ஆசிரமத்துக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் முள் மண்டிக் கிடந்தது. அதையும் வெட்டக் கூடாது. கும்பிட வந்தவர்கள் காலில் முள் தைத்து நொண்டிக்கொண்டே வந்து, "ஒரு எறும்பைக்கூட நோகடிக்காத மகான்" என்று சொல்லி அவர் காலில் விழுந்தார்கள். முள்ளைத் திரும்பிப் போகிற வழியில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டார்கள். பெரியவர் முன்னால் முள் பிடுங்கினால் மரியாதையாக இருக்குமா?

அவரிடம் ஒரு கிளி இருந்தது. பெயர் சொக்கி. சிறகு ஒடிந்து பாதையோரம் கிடந்தவளை முனிவர்தான் தூக்கி வந்து வளர்த்தார். பறக்க முடியாது. ஆனால் நடையும் பேச்சும் அரசி மாதிரி. ஆசிரமத்துக்கு யார் வந்தாலும் அவள்தான் முதலில் வரவேற்பாள்.

"வாங்க. பழம் எங்கே?"

முனிவர் தியானத்தில் இருக்கும்போது தாடியைப் பிடித்து ஏறித் தோளில் உட்கார்ந்து அவர் காதைக் கடிப்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார். துறவி யார்மேலும் ஆசை வைக்கக் கூடாது என்பார்கள். அவர் இவள்மேல் வைத்திருந்தார். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

கிளி என்றால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். விதை உடைக்க வேண்டும், கட்டை கடிக்க வேண்டும். முனிவர் யோசித்தார். விதைக்குள் ஒரு மரம் தூங்குகிறது, கடித்தால் மரம் போயிற்று. அதனால் விதையெல்லாம் எடுத்துவிட்டுப் பழத்தைப் பிசைந்து கூழாகக் கொடுத்தார். குச்சி ஒடித்தால் மரத்துக்கு நோகும். அதனால் அவள் உட்கார வழவழவென்று ஒரு வெண்கலக் கம்பி தொங்கவிட்டார். தின்பதும் மெத்து, உட்காருவதும் வழுக்கு.

கிளியின் மூக்கு நம்முடைய நகம் மாதிரிதான். அதுபாட்டுக்கு வளரும். கடித்துக் கடித்துத் தேய்ந்தால்தான் அளவாக நிற்கும். சொக்கிக்குத் தேய்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. மேல் மூக்கு வளர்ந்தது. வளைந்தது. கீழே இறங்கி மார்பைத் தொட்டது. கூழ்க் கிண்ணத்தில் தலையை விட்டால் மூக்கு நுனி அடியில் போய் முட்டும். நாக்குக்குக் கூழ் எட்டாது. பேச்சும் குழறியது. "வாங்க, பழம் எங்கே" என்றவள் "ஆங்க, அயம் எங்கே" என்றாள். பிறகு "ங்கே" மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மூக்கைக் குறைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். முனிவருக்கும் தெரியும். ஆனால் குறைத்தால் கத்துவாளே, நோகுமே.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அரண்மனையிலிருந்து செய்தி வந்தது. மன்னர் மாறவேள், பொறையனாருக்கு 'நோவறியார்', அதாவது எந்த உயிரையும் நோகடித்து அறியாதவர், என்று பட்டம் கொடுக்கப் பரிவாரத்தோடு வருகிறார். அந்த நாட்டில் பட்டம் கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டத்துக்குரியவரின் வாசலில் முரசை அடித்து ஊர் கூடிய இடத்தில் பட்டத்துக்கு மறுப்பு உண்டா என்று மூன்று முறை கேட்பார்கள். மறுத்து ஒரு குரல் வந்தாலும் போதும், பட்டம் இல்லை.

மூத்த சீடன் வரகுணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனுக்குக் குருவைவிடக் குருவின் பெயர்மேல் பிரியம் அதிகம்.

"சாமி, பட்டம் முடியற வரைக்கும் சொக்கியைத் தொட்டுடாதீங்க. அவ கத்தினா எல்லாம் போச்சு."

"தொடல, வரகுணா. ஆனா அவ சாப்பிடணுமே."

முனிவர் மூன்று வழி பார்த்தார்.

முதல் வழி, உபதேசம். கிளியை எதிரே உட்கார வைத்துச் சொன்னார்: "சொக்கி, ஆசையை நாமளேதான் குறைச்சுக்கணும். மூக்கும் அப்படித்தான். அதோ பாறை இருக்கு, போய் உரசிக்கோம்மா." சொக்கி ஒரு கண்ணைத் திறந்து பாறையைப் பார்த்தாள். அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள். உபதேசம் கேட்கிற பலருக்கும் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது, தூங்கிவிட்டாள்.

இரண்டாம் வழி, கூழை இன்னும் நீர்க்கக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். பாதி கழுத்து வழியே ஓடியது. நாளுக்கு நாள் இளைத்தாள். தூக்கினால் மார்பெலும்பு கையில் குத்தியது. மூக்கு மட்டும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்தது.

மூன்றாம் வழி, அடுத்தவர் கை. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கேளுங்கள்.

பட்டம் கொடுக்கிற நாள். ஊர் ஊராகக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. கூட்டம் என்றால் வியாபாரமும் வரும். கத்திக்கும் அரிவாளுக்கும் சாணை பிடிக்கிற காத்தாயி தன் கற்களைச் சுமந்துகொண்டு ஆசிரமத்து வாசலில் வந்து இறக்கினாள். முனிவர் அவளைப் பின்பக்கமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, இந்தக் கிளி மூக்கைக் கொஞ்சம் தேய்ச்சு விடணும்."

"கத்தின்னா எனக்குத் தெரியும் சாமி. கிளியைப் பத்தி நான் என்னத்தைக் கண்டேன்? சரி, நீங்க பிடிச்சுக்கோங்க, பார்க்கலாம்."

"நான் பிடிக்க மாட்டேன். அவ நோவுக்கு நான் காரணமாகக் கூடாது. நீயே பிடிச்சு நீயே தேய்ச்சிடு. அதுவரைக்கும் நான் ஆத்துப் பக்கம் போயிட்டு வரேன்."

காத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நோவும் நடக்கணும், பழியும் என் தலையில விடியணும். அப்படித்தானே சாமி?"

காத்தாயி தன் மூட்டையிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கிளி உங்களுது. கல்லை வச்சுட்டுப் போறேன். தேய்ச்சாலும் சரி, தேய்க்காட்டியும் சரி, போகும்போது எடுத்துக்கறேன்." சொல்லிவிட்டு, தன்னைத் தேடி அரிவாளோடு நின்றவர்களிடம் போய்விட்டாள்.

முனிவர் கல்லைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். சொக்கி கம்பியிலிருந்து சறுக்கி இறங்கி, தத்தித் தத்தி வந்து, அவர் உள்ளங்கையில் முகத்தை வைத்துத் தேடினாள். பசி. மூக்கு நுனி அவர் கையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். முனிவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தப் பொழுது தாண்டினால் இவள் இருக்க மாட்டாள்.

அவர் மேல்துண்டை எடுத்து அவளைச் சுற்றினார். மூக்கை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். உள்ளே பாதி வரை சிவப்பாக ஓர் இழை தெரிந்தது. உயிர் ஓடுகிற இடம். அதற்குக் கீழே வெறும் நகம். நகத்தில்தான் கல்லை வைத்தார்.

அதே நேரம் வாசலில் முரசு அதிர்ந்தது. மன்னர் வந்துவிட்டார். யானை வந்துவிட்டது. யானைமேல் பட்டப் பலகையும் வந்துவிட்டது. முழம் நீள வேங்கைப் பலகை. மேலே மன்னர் பெயர், நடுவில் பட்டம், கீழே முனிவர் பெயர், எல்லாம் செதுக்கிச் சுற்றிலும் பூ வேலை செய்தது.

முரசறைகிறவன் கேட்டான்: "பொறையனார் கையால் நொந்த உயிர் உண்டா?"

ஊர் அமைதியாக இருந்தது. உள்ளே இருந்து குரல் வந்தது:

"ஐயோ, கொல்றானே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொக்கி ஆசிரமத்துக்கு வருமுன் வண்டிப்பேட்டையில் வளர்ந்தவள். மாடு மக்கர் செய்தால் வண்டிக்காரர்கள் பேசுவார்களே, அந்தப் பேச்செல்லாம் அவள் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தது. முனிவர் தேய்க்கத் தேய்க்க, மூக்கு குறையக் குறைய, நாக்கு விடுபட்டு ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன. வலித்ததோ இல்லையோ, துணியில் சுற்றியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாசலில் வரகுணன் பலமாக இருமினான். கிளியின் குரல் இருமலில் அமுங்கிப்போயிற்று.

இரண்டாம் முறை முரசு: "பொறையனார் கையால் நொந்த உயிர் உண்டா?"

"விடுடா, எழவெடுத்தவனே."

வரகுணன் உரக்கப் பாடத் தொடங்கினான். பக்திப் பாட்டுத்தான், ஆனால் எந்த ராகம் என்று அவனுக்கே தெரியாது. மற்ற சீடர்களும் சேர்ந்து கத்தினார்கள். யானை மிரண்டு இரண்டு அடி பின்னால் போயிற்று. பாடிக்கொண்டே நழுவி வரகுணன் உள்ளே ஓடி வந்தான்.

"சாமி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இன்னும் ஒரே ஒரு முரசுதான். அதுவரைக்கும் கையை எடுத்துடுங்க."

முனிவர் நிமிர்ந்து பார்த்தார். சொக்கி கடித்த இடத்தில் அவர் விரலில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கிளியின் நெஞ்சு துணிக்குள் படபடவென்று அடித்தது. இப்போது விட்டால் அவள் மறுபடி இந்தக் கைக்கு வர மாட்டாள். கொக்கி மாதிரி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்தக் கொஞ்சத்தோடு ஒரு பழத்தைக்கூடக் கடிக்க முடியாது.

"மூணாவதுக்கு அவளே பதில் சொல்லட்டும், வரகுணா" என்று சொல்லிவிட்டுக் கல்லை மறுபடி வைத்தார்.

மூன்றாம் முறை முரசு கேட்டது. சொக்கி பதில் சொன்னாள். இருமலுக்கும் பாட்டுக்கும் அடங்காத பதில். வண்டிப்பேட்டையில் அவள் கற்றது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. முனிவரின் தாய்வழியும் தந்தைவழியும் அதில் இருந்தன. முழுவதையும் நான் சொல்ல முடியாது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். "கட்டையில போறவனே" என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான சொல். காத்தாயி சாணையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

மன்னர் உள்ளே வந்தார். விரலில் ரத்தத்தோடு முனிவர் நின்றார். இறகு கலைந்து, அளவான மூக்கோடு, கிளி நின்றது.

"சுவாமி, இது யார் செஞ்ச வேலை?"

"நான்தான் செஞ்சேன்."

"கிளி அழுததே?"

"என்னாலதான் அழுதது. இத்தனை நாள் பட்டினி கிடந்ததும் என்னாலதான்."

முனிவர் மன்னரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு மாதுளையை எடுத்துப் பிளந்து, விதையோடு தரையில் வைத்தார். சொக்கி பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு முத்தை எடுத்தாள். கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. முனிவர் குழந்தை மாதிரி அழுதார். அவள் மூக்கு முட்டத் தின்று முடிக்கிற வரைக்கும் மன்னரும் ஊரும் யானையும் காத்திருந்தார்கள்.

"வழக்கப்படி பட்டம் தர முடியாது சுவாமி" என்றார் மன்னர், வருத்தமாக. "பலகையைத் திருப்பி எடுத்துட்டுப் போறோம்."

"பட்டத்தை எடுத்துட்டுப் போங்க. பலகையை மட்டும் வச்சுட்டுப் போங்க."

"பட்டம் இல்லாம பலகை எதுக்கு?"

முனிவர் பலகையை வாங்கி, வெண்கலக் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். சொக்கியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அவள் ஓரத்தை ஒரு கடி கடித்துப் பார்த்தாள். நல்ல வைரம் பாய்ந்த மரம். பிடித்துப்போயிற்று. முதலில் பூ வேலை போயிற்று. பிறகு மன்னர் பெயர் போயிற்று. பிறகு 'நோவறியார்' போயிற்று. கடைசியில் பொறையனார் என்ற பெயரும் தூள் தூளாகத் தரையில் விழுந்தது. முனிவர் அதை விடியற்காலையில் தானே கூட்டி அள்ளினார். சொக்கியின் மூக்கு அதற்குப் பிறகு நீளவே இல்லை.

பலகை தீர்ந்ததும் முனிவர் காத்தாயியிடம் ஓர் அரிவாளைச் சாணை பிடித்து வாங்கிக்கொண்டு புதுக் கட்டை தேடப் போனார். போகிற வழியில் பாதையோர முள்ளையும் வெட்டித் தள்ளினார். அவரைப் பார்க்க வந்தவர்கள் அன்றிலிருந்து நொண்டாமல் வந்தார்கள், கூட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

தன் கையில் பழி படாமல் பார்த்துக்கொள்வது கருணை இல்லை; பழி பட்டாலும் பரவாயில்லை என்று அடுத்த உயிரின் நோவைத் தீர்ப்பதே கருணை.