ஒல்லிக் கொப்பு

ஆற்றோரம் ஒரு மருத மரம். மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம். கீழே ஒரு சிறுத்தை.

சிறுத்தை முந்தாநாள்தான் அந்தப் பக்கம் வந்தது. வந்த அன்றே கூட்டத்தின் தலைவனைத் தின்றுவிட்டது. இப்போது அவன் தம்பி தலைவன். அந்தக் கடுவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இலை அசைந்தால் துள்ளி எழுந்தான்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு வழக்கம் உண்டு. மரத்தின் நடுவில், பருத்த கொப்பில் தலைவன் உட்கார வேண்டும். உச்சியில் இருக்கும் ஒல்லிக் கொப்புகள் தாய்களுக்கும் குட்டிகளுக்கும். இது ஒன்று. தலைவன் குதித்தால் எல்லோரும் குதிக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. இது இன்னொன்று.

கடுவன் மேலே பார்த்தான். செத்துப்போன அண்ணனின் மனைவி, மந்தி, உச்சிக் கொப்பில் குட்டியோடு இருந்தாள்.

"மதினி, தயாரா இருங்க. அது மரத்துல ஏறினதும் நான் குதிப்பேன். எல்லாரும் பாறைக்கு ஓடிடலாம். என் கால் அண்ணன் காலைவிட வேகம்."

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு, கொழுந்தனாரே. அன்னைக்கு நானும் குதிச்சேன். இவனை வயித்துல கட்டிக்கிட்டு ஓடினேன். அவர் அதோட வாயில சிக்கினாரு, நாங்க பிழைச்சோம். இன்னொரு தடவை என்னால முடியாது."

"வேற வழி?"

"மேல வாங்க."

"அந்தக் குச்சிக்கா? குட்டிகளோட குட்டியாவா? நான் தலைவன்."

"அது சிறுத்தைக்குத் தெரியுமா? தலைவன் கறின்னா தனி ருசியோ என்னவோ!"

கடுவனுக்கு முகம் சுருங்கியது. "ஒடிஞ்சா?"

"சிறுத்தை ஏறினா ஒடியும். நம்மளைத் தாங்கும். கடவுள் அப்படி அளவு பார்த்துத்தான் படைச்சிருக்கார்."

"கடவுளை நீங்க பார்த்தீங்களாக்கும்?"

மந்தி தன் குட்டியைக் காட்டினாள். அது அவள் மார்பு மயிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூங்கியது. "இவன் இப்போ என் முகத்தைக்கூடப் பார்க்கலை. என்னை நம்பித் தூங்குறான், பாருங்க."

கீழே பட்டை கிழிந்தது. சிறுத்தை ஏறத் தொடங்கிவிட்டது.

"தம்பி," என்றது சிறுத்தை. குரல் மிருதுவாக இருந்தது. "உன் அண்ணன் நல்லாத் தாவினான். நாலு எட்டு ஓடினான்."

கூட்டம் முழுவதும் கடுவனையே பார்த்தது. அவன் குதித்தால் பதினாலு பேரும் குதிப்பார்கள். அவன் குதிக்க முழங்காலை மடக்கினான். தரை பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. பயந்தவனுக்கு அப்படித்தான் தெரியும்.

அப்போது சிறுத்தையின் கண்ணைப் பார்த்தான். அது அவனைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தது. அவன் எங்கே விழுவான் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

கடுவன் தன் காலைப் பார்த்தான். இந்தக் காலை நம்பியா பதினாலு உயிர்?

"கடவுளே, என்னால ஆகாது. நீதான் பார்த்துக்கணும்."

வாழ்நாளில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

"மதினி, கொஞ்சம் இடம் கொடுங்க."

ஒரு குட்டி சிரித்தது. சிரிக்கட்டும். தலைவன் ஏறியதும் மற்றவர்களும் ஆளுக்கொரு ஒல்லிக் கொப்பாக ஏறிக்கொண்டார்கள்.

கொப்பு வளைந்தது. "ஒடியப் போகுது மதினி."

"திமிறாதீங்க. பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அவன் குட்டியைப் பார்த்தான். அது பிடித்திருந்த மாதிரியே கொப்பைப் பிடித்தான். கண்ணை மூடினான்.

சிறுத்தை பருத்த கொப்புக்கு வந்து, தலைவன் இடத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒல்லிக் கொப்பில் ஒரு காலை வைத்தது. மளுக்கென்று சத்தம் கேட்டது. காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டது.

"இறங்கி வா தம்பி. தலைவன் உட்காருற இடமா அது?"

"இல்லை," என்றான் கடுவன். கண்ணைத் திறக்கவில்லை. "குட்டிங்க உட்காருற இடம்."

சிறுத்தை வெயில் சாயும் வரை இருந்தது. யாரும் குதிக்கவில்லை. பசியோடு இறங்கிப் போனது.

மறுநாளும் அது வந்தது. கடுவனுக்குப் பயமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் தூக்கமும் வந்தது.

தன் பலத்தை நம்பி நெஞ்சை நிமிர்த்துகிறவனுக்கு நிம்மதி இல்லை. 'என்னால் ஆகாது, நீ பார்த்துக்கொள்' என்று குழந்தைபோலக் கடவுளைப் பற்றிக்கொள்கிறவனுக்கே அது உண்டு.