ஓரத்தில் நிற்கும் அணு

ஆசிரியரின் அறைக்குள் நுழைந்தபோது மாடத்தியிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்றைக் கேட்டால் அழுகை வந்துவிடும். அதனால் மற்றதைக் கேட்டாள்.

“சார், இந்தத் தடவை ஏன் இவ்வளவு சீக்கிரம் திரும்பிருச்சு?”

பேராசிரியர் ஞானதிரவியம் அவள் நீட்டிய வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அவள் உருவாக்கியது ஒரு சங்கிலிச் சேர்மம். கோபால்ட் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். புலத்தை எடுத்த பிறகும் கடுங்குளிரில் வெகுநேரம் அப்படியே நிற்கும், மெல்ல மெல்லத்தான் தளரும். அந்த நிதானத்தைப் பிடிப்பதற்காகத்தான் மாடத்தி இத்தனை வருடம் ஆய்வகமே கதி என்று கிடந்தாள். முதலில் செய்தது சொன்ன சொல் கேட்டது. இப்போது செய்தது, அதே சேர்மம்தான், மளமளவென்று சரிந்துவிட்டது.

“அரைச்சியா?” என்றார்.

“ஆமா சார். படிகம் பெருசு பெருசா இருந்துச்சு. மை மாதிரி அரைச்சேன்.”

“கண்ணுக்குப் போடலாம். அளக்கத்தான் ஆகாது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வரைபடத்தை மேசையில் வைத்தார்.

“நடுவுல நிக்கிற அணு திரும்பணும்னா ரெண்டு பக்கத்து ஆளையும் பகைச்சுக்கணும். அது லேசுல நடக்காது. ஓரத்துல நிக்கிறதுக்கு ஒரு பக்கம்தான் ஆள். நீ அரைச்சதுல சங்கிலி துண்டு துண்டாப் போச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு ஓரம்.”

“ஓரத்துல ஒண்ணு திரும்பினா?”

“அப்புறம் தடையே இல்ல. அடுத்ததுக்கு ஒரு பக்கம் திரும்பின ஆளு, மறுபக்கம் திரும்பாத ஆளு. எப்படி நின்னாலும் அதுக்கு ஒண்ணுதான். வரிசையாத் திரும்பிக்கிட்டே போகும்.”

மாடத்தி உட்கார்ந்துவிட்டாள். கேட்கக் கூடாது என்று வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“ஓரத்துல நிக்கிறது என்னதான் சார் செய்யும்?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாதி அவருக்கும் தெரிந்ததுதான்.

ஆய்வக உதவியாளர் கொம்பையா தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். திரவ நைட்ரஜன் கலத்தில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மாடத்தியும் உடன் ஆய்வு செய்யும் மூவரும் துறைத் தலைவரிடம் பலமுறை சொல்லியிருந்தார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அவர் நாளைக் கடத்தினார். ஒருநாள் கொம்பையா மூடியைத் திறந்தபோது உள்ளே அடைபட்டுக் கிடந்தது முகத்தில் பீறிட்டு அடித்தது. ஒரு கண் போய்விட்டது. விபத்தை விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். கவனமில்லாமல் திறந்தார் என்று அது முடித்துவிட்டால் அவருக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. நால்வரும் சேர்ந்து போய் விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்னார்கள். இப்போது குழு அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறது.

நேற்று துறைத் தலைவர் மாடத்தியை அழைத்துவரச் சொன்னார். மிரட்டவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார். அவளுடைய ஆய்வேடு தன் கையெழுத்துக்காகக் காத்திருப்பதை நினைவூட்டினார். வால்வைப் பற்றி அவரிடம் சொன்னதாக ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவளுக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. ஊரில் தம்பியின் படிப்பு அவளுக்குக் கிடைக்கப்போகும் வேலையை நம்பி இருக்கிறது. முதலில் கூப்பிடப்போவதும் அவளைத்தான். மற்ற மூவரும் அவள் என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்க்கிறார்கள்.

“கொம்பையா அண்ணனைப் போய்ப் பார்த்தேன் சார். இன்னொரு கண்ணு இருக்குல்லா தாயி, நீ படிப்பை முடின்னாரு.” அவள் குரல் உடைந்தது. “நான் திரும்பிருவேன் சார். எனக்கே தெரியுது.”

ஞானதிரவியம் வரைபடத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

மாடத்திக்கு ஆத்திரமாக வந்தது. அணுவைப் பற்றி இவ்வளவு பேசத் தெரிந்தவருக்கு ஒரு மனுஷிக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையா? வால்வு அடைத்திருப்பதை அவரிடமும்தான் அவள் சொல்லியிருந்தாள். தலைவரிடம் சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். அவருடைய நல்லவேளை, குழு அவரைக் கூப்பிடவில்லை. மனதுக்குள் அவரை வைதுகொண்டே அவள் போனாள்.

மறுநாள் காலை விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் ஒரு முனை சுவரை ஒட்டியிருந்தது. மறுமுனையில் மாடத்தி. யாரும் யாரோடும் பேசவில்லை.

ஞானதிரவியம் வந்தார். அவர்களைத் தாண்டிப் போய், காவலுக்கு நின்ற பியூன் ஏதோ சொல்வதற்குள் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் குரல் வெளியே கேட்டது.

“வால்வு அடைச்சிருக்குன்னு மாடத்தி எங்கிட்டயும் சொன்னா. தலைவர்கிட்ட சொல்லியாச்சான்னு கேட்டேன், சொல்லியாச்சுன்னா. நான் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கல. அந்தக் கண்ணு போனதுல எனக்கும் பங்கு இருக்கு. எழுதிக்கிடுங்க.”



அவர் வெளியே வந்தார். சீக்கிரத்தில் ஓய்வு பெற இருந்தவர். இனி அவர் மீதும் விசாரணை வரும். இத்தனை வருடம் சேர்த்த நல்ல பெயர் போகும், ஓய்வூதியமும் நிற்கலாம். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தாள் மாடத்தி. அவர் பெஞ்சுக்கு வந்தார். கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று கையால் காட்டினார். நால்வரும் நெருக்கிக்கொண்டார்கள். மாடத்திக்கு இந்தப் பக்கமாக, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

நேற்று அவரை வைததெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பியூன் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.

“இப்ப ஓரத்துல நீங்கல்லா சார் இருக்கீங்க” என்றாள்.

“ஓரம் இல்லாத சங்கிலி கிடையாதும்மா. அங்க யாரு உக்காரணும்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. எந்திரி, உன்னைக் கூப்பிடுறாங்க.”