குடை வைத்த குழாய்

பொன்மலையில் ஜெசிந்தாவிடம் பேஸ் கிடார் படித்தவர்களில் தொபியாஸ்தான் வயதில் பெரியவர். அவருக்கு ஐம்பத்து மூன்று. ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. அவர் அவளை மாஸ்டர் என்று கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை.

தொபியாஸ் புதிதாகக் கற்க வந்தவர் இல்லை. இருபது வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். அதே இருபது வருடம் குடித்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்று குழுவில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தாவிடம் வந்தபோது குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதல் நாள் அவள் கேட்டாள்.

"எதுக்குண்ணே நிறுத்துனீங்க?"

"பையன் ஆரம்பிச்சுட்டான் மாஸ்டர்."

அவள் அவர் பக்கம் ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.

"நான் நிறுத்துனா அவனும் நிறுத்துவான்னு நெனச்சேன்."

"நிறுத்திட்டாரா?"

"இன்னும் இல்ல. என்னையே பாத்துக்கிட்டு இருக்கான். எப்ப விழுவேன்னு."

பையன் பெயர் ஆன்றோ. இருபத்து நான்கு வயது, வெல்டிங் பட்டறையில் வேலை. தாய் இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் மகனும் மட்டும்தான். தொபியாஸுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்.

ஜெசிந்தா வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரே கம்பியை ஒரு மணி நேரம் மீட்டச் சொன்னாள். அவர் மீட்டினார். தொம் என்று வர வேண்டிய சத்தம் பொத் என்று வந்தது.

"கம்பி செத்துப் போச்சுண்ணே."

"நாலு வருஷமாச்சு மாஸ்டர். புதுசு மாத்தணும்னா பாதி மாசச் சம்பளம் போயிரும்." அவர் ஓர் ஐஸ் கம்பெனியில் கேட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு வேணாம். கழட்டுங்க."

மொட்டை மாடியில் இருந்தது அவள் பாடம் நடத்தும் அறை. ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், ஒரு கேஸ் அடுப்பு. சுவரில் அவள் கணவர் சகாயத்தின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனார் என்று தெருவில் சொன்னார்கள். மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளை பிவிசி குழாய் நின்றது. அடிப்பக்கம் மூடி போட்டு அடைத்திருந்தது. அதற்குள் ஒரு நீளக் குடை.

தொபியாஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினார். ஜெசிந்தா நான்கையும் வளையமாகச் சுற்றி, பழைய இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்கவைத்தாள். பத்து நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

"இது என்ன மாஸ்டர், இவ்வளவு அழுக்கு?"

"உங்க கைதாண்ணே. நாலு வருஷத்து வேர்வை, தோல், எல்லாம் கம்பி இடுக்குல போய் உக்காந்திருக்கு. அதான் சத்தம் வெளிய வரல."

கம்பிகளை எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்து, வெயிலில் சுடும் தரையில் துண்டு விரித்துக் காயப்போட்டாள். உள்ளே ஈரம் நின்றால் துருப்பிடிக்கும் என்றாள். சாயங்காலம் மாட்டி மீட்டியபோது, தொபியாஸ் பயந்துபோய் கையை எடுத்துவிட்டார். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"நானும் இப்படி ஆயிருவேனா மாஸ்டர்?"

"வாசிங்கண்ணே," என்றாள்.

மூன்று வாரம் கழித்துக் கம்பி மறுபடி மங்கியது. மறுபடி வேகவைத்தார்கள். இந்தத் தடவை இரண்டு வாரம்தான் தாங்கியது. அடுத்த தடவை பத்து நாள். இட்லிக் குண்டான் முன்னால் உட்கார்ந்திருந்த தொபியாஸ், கொஞ்ச நாளாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், தண்ணிய விட ஸ்பிரிட் நல்லதுன்னு சொல்வாங்களே. ஒரு ராத்திரி ஊறப்போட்டா போதும். துருவும் ஏறாது, ரொம்ப நாளும் தாங்கும். நீங்க ஏன் ஸ்பிரிட் வச்சுக்கறதில்ல?"

ஜெசிந்தா அடுப்பைக் குறைத்தாள்.

"அந்த மூலையில நிக்கிறது கூட ஸ்பிரிட் குழாய்தான? கம்பிய நீளமாப் போட்டு, மேல மூடுறது. எங்க குழுவுல ஒருத்தர்கிட்ட பாத்திருக்கேன்."

"குடை வைக்கிறேன்," என்றாள் ஜெசிந்தா.

"அது தெரியுது. ஏன் ஸ்பிரிட் இல்லன்னுதான் கேட்டேன்."

ஞானிகள் என்று பெயர் எடுத்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேராக ஒன்று கேட்டால் நேராகப் பதில் வராது. எதையாவது எடுத்து உடைத்துக் காட்டுவார்கள். ஜெசிந்தாவும் அன்று அதைத்தான் செய்தாள்.

மேசை இழுப்பறையிலிருந்து, கழுவிக் காய்ந்த ஒரு தடித்த கம்பியை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. அதன் நுனிப்பக்கம், முறுக்கும் ஆணியில் சுற்றியிருந்த இடத்தில், ஒரு மடிப்பு. குறடால் அந்த மடிப்பை நேராக்கினாள். வேறோர் இடத்தில் புதிதாக மடித்து, தன் கிடாரில் மாட்டி முறுக்கினாள். மூன்றாவது சுற்றில் கம்பி பட்டென்று அறுந்து அவள் மணிக்கட்டில் அடித்தது. ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

"எங்க அறுந்துச்சு, பாருங்க."

தொபியாஸ் பார்த்தார். "பழைய மடிப்புல."

"அழுக்கு இருந்த இடத்துல அறுந்து போகல."

"இல்ல."

"அவ்வளவுதாண்ணே. பழைய மடிப்ப நிமித்தக் கூடாது. அது இருந்த வாக்குலயே மாட்டணும்."

தொபியாஸ் கிடாரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படி இறங்கும்போது முகம் சுண்டிப் போயிருந்தது. கேட்டது ஸ்பிரிட்டைப் பற்றி. வந்த பதில் தன்னைப் பற்றி என்று அவர் எடுத்துக்கொண்டார். பழைய குடிகாரன், பக்கத்தில் பாட்டில் இருந்தால் பழைய மடிப்பில் அறுந்துவிடுவான். அதனால்தான் மாஸ்டர் வீட்டில் ஸ்பிரிட் வைப்பதில்லை. இவ்வளவு நாள் ஆகியும் நம்பவில்லை.

ரோஷம் நல்லது என்று சொல்வார்கள். எல்லா ரோஷமும் இல்லை.

மறுநாள் அவர் பெயிண்ட் கடைக்குப் போய், மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் ஸ்பிரிட் ஒரு லிட்டர் வாங்கினார். பிளம்பரிடம் ஒரு துண்டுக் குழாய் கேட்டு, அடியை அடைத்து, கம்பிகளைப் போட்டு, பாதி பாட்டிலை ஊற்றினார். மீதிப் பாதியை மாடத்தில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலை முடிந்து வந்த ஆன்றோ பாட்டிலைப் பார்த்தான்.

"என்னப்பா அது?"

"ஸ்பிரிட்."

"எதுக்கு?"

"கம்பி கழுவ. மிச்சம் இங்கயே இருக்கும். பாத்துக்க. கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, உங்கப்பன் தொடுறானான்னு பாரு."

ஆன்றோ சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. ஆறேழு மாதத்தில் முதல் தடவையாக அப்பாவைப் பார்த்து ஒரு மாதிரி மரியாதையாகச் சிரித்தான். தொபியாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அவர் ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"மாஸ்டர், நான் ஸ்பிரிட் வாங்கிட்டேன். வீட்லதான் இருக்கு. அஞ்சு நாள். கம்பிக்கு ஊத்துனதோட சரி, மறுபடி மூடியக் கூடத் தொறக்கல."

ஜெசிந்தாவின் விரல் கம்பியிலேயே நின்றது.

"கொட்டிடுங்கண்ணே."

"ஏன் மாஸ்டர்?"

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"கொட்டிடுங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"சொல்றதச் செய்யுங்கண்ணே. இன்னைக்கே."

காரணம் கேட்காமல் செய்பவன்தான் நல்ல சீடன் என்று ஒரு பேச்சு உண்டு. தொபியாஸ் அந்த அளவுக்கு நல்ல சீடன் இல்லை. இதுவும் மாஸ்டர் வைக்கும் பரீட்சை என்று நினைத்துக்கொண்டார். பத்து நாள் முடியட்டும், பாட்டிலை அப்படியே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசலாம் என்று போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காந்தி ஜெயந்தி. சாராயக் கடைகள் அடைப்பு. தொபியாஸ் ஐஸ் கம்பெனியில் பகல் ஷிப்டில் இருந்தார். பட்டறை விடுமுறை என்பதால் ஆன்றோ வீட்டில் இருந்தான்.

சாயங்காலம் அவர் வந்தபோது அவன் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாந்தி எடுத்திருந்தான். மாடத்தில் பாட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சோடா பாட்டில்.

"லைட்டப் போடுங்கப்பா," என்றான்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். வழியில் ஒரு தடவைதான் தெளிவாகப் பேசினான்.

"ஒம்போது நாள் தொடாம வச்சிருந்தீங்களா... நல்ல சரக்கா இருக்கும்னு நெனச்சேன்பா."

பாலிஷ் ஸ்பிரிட்டில் இருப்பது மெத்தனால், விஷம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். முதலில் கண் போனது. மறுநாள் மதியம் ஆளும் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள், தொபியாஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஜெசிந்தா கல்லறைக்கு வந்திருந்தாள். ஆனால் அவரிடம் பேசவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மண் போடுவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள்.

இப்போது அவள் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். கிடாரை மடியில் வைத்து, தடித்த கம்பியை ஒரு தடவை மீட்டினார். சத்தம் அறை முழுக்க நின்று, மெதுவாக இறங்கியது.

"நல்லாக் கேக்குது, இல்ல மாஸ்டர்? ஸ்பிரிட்ல போட்டது. புதுசு மாதிரி இருக்கு."

அவள் அடுப்பு மேலிருந்த குண்டானை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கை கூட நடுங்கல பாருங்க. நான் இன்னும் தொடல. இனிமே தொட்டாலும் கேக்க ஆளில்ல. ஆனா தொடல."

"அண்ணே..."

"மாஸ்டர், அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன். நீங்க கம்பிய அறுத்துக் காட்டுனீங்க. நானும் பெரிய ஞானம்னு வாங்கிட்டுப் போனேன். இப்பத் திரும்பக் கேக்குறேன். நீங்க ஏன் வீட்ல ஸ்பிரிட் வச்சுக்கறதில்ல?"

ஜெசிந்தா மூலைக்குப் போனாள். குழாயிலிருந்து குடையை உருவி எடுத்துத் தரையில் வைத்தாள். வெற்றுக் குழாயைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"வச்சிருந்தேன்," என்றாள்.

தொபியாஸ் குழாயைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, இத்தனை மாதமாகத் தினமும் பார்த்த படத்தை, முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிளாஸ்டிக் மாலைக்குள் சகாயம் கல்யாணக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாரடைப்புன்னாங்களே."

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். தொபியாஸ் கிடாரை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"கொட்டிடுங்கன்னு சொன்னீங்க," என்றார் தொபியாஸ். "ஏன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். எம்புள்ள இருந்திருப்பானே."

ஜெசிந்தா அழவில்லை. மணிக்கட்டில் கம்பி அடித்த தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரர் குடிச்ச பாட்டில வாங்கி வச்சது நான்தான்னும் சொல்ல வேண்டி வந்திருக்கும்ண்ணே."