கடுகு வெடித்த கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசியது? அஞ்சறைப்பெட்டிக்குள் கிடக்கிற மிளகும் சீரகமும்கூட வாய் ஓயாமல் பேசும். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! வாய் திறக்காத ஆள் கடுகு ஒன்றுதான். "இத்தனூண்டு இருந்துகொண்டு நீயெல்லாம் ஒரு சாமானா?" என்று மிளகு கேலி பண்ணும். கடுகு காதில் வாங்கிக்கொள்ளாது.

அப்போதெல்லாம் தாளிப்பு என்றாலே வீட்டுக்கு வீடு தலைவலி. எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். காயாமல் போட்டால் எல்லாம் எண்ணெயில் ஊறிப் பச்சை வாசம் அடிக்கும். அதிகம் காய்ந்துவிட்டால் கருகிக் கசக்கும். பழகின கைக்கு ஏதோ நிதானம் தெரியும். மற்றவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படித் திண்டாடியவன் சடையன். ஏர் பிடிப்பான், கிணறு வெட்டுவான், அடுப்படிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. அவன் மனைவி மயிலாத்தாவுக்குக் காய்ச்சல் வந்து, விட்டும்விட்டது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது. வைத்தியர் அவளைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மருந்து இனி வேலை செய்யாது சடையா. வாய்க்குப் பிடிச்சு நாலு வாய் சோறு உள்ளே போனால் பிழைச்சுக்குவா. இல்லாட்டி என் கையில் ஒண்ணுமில்லை."

சடையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குப் பிடித்தது ரசச்சோறு. சரி, ஆனது ஆகட்டும் என்று சோற்றைக் குழைய வடித்தான், புளியைக் கரைத்தான், பூண்டைத் தட்டிப் போட்டான். தாளித்துக் கொட்டினான் பாருங்கள், ஒரே கருகல்! மயிலாத்தா வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள். மறுபடி வைத்தான். விரலைச் சுட்டுக்கொள்ளப் பயந்து அவசரப்பட்டதில் அது பச்சை எண்ணெயாய் நாறியது. அவள் வாயையே திறக்கவில்லை.

மூன்றாவது முறை ரசத்தைக் கூட்டி வைத்தபோது ஒரு கரண்டி எண்ணெய்தான் மிச்சம். சடையன் அஞ்சறைப்பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து கை கூப்பினான். "உங்களுக்காவது தெரியாதா சாமிகளா, எண்ணெய் எப்பக் காயும்னு? என் மயிலு போயிருவாளாட்ட இருக்குதே!"

"உள்ளே போனால்தானே தெரியும்? போனவர் யார் திரும்பி வந்து சொன்னார்?" என்றது சீரகம்.

"என்னைப் பார்க்காதே. கருகிச் சாக எனக்கென்ன தலையெழுத்தா?" என்றது மிளகு.

"நான் கருகினால் ரசமே கசந்துபோகும். ஆளை விடப்பா" என்றது வெந்தயம்.

அப்போது மூலையிலிருந்து கடுகு பேசியது. "சடையண்ணா, நாங்கள் முதலில் போகிறோம். எண்ணெய் காய்ந்ததும் சொல்கிறோம். அதற்கப்புறம் இவர்களைப் போடுங்கள்."

மிளகு விழுந்து விழுந்து சிரித்தது. "பெட்டிக்குள்ளேயே உன் குரல் கேட்காது! எண்ணெய்க்குள் இருந்து கேட்குமாக்கும்?"

"கேட்கும்" என்றது கடுகு.

சடையன் மிச்ச எண்ணெயைத் தாளிப்புக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டி, கடுகை அள்ளிப் போட்டான். சத்தமே இல்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே. மத்ததையும் போட்டுரட்டுமா?" என்று சீரகத்தை அள்ளினான்.

"பொறு!" என்றது வெந்தயம். "அது பேசினதே அபூர்வம். சொன்னால் செய்யும்."

கரண்டிக்குள் கடுகு பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! சூடு உறைத்துவிட்டது, எண்ணெய் காய்ந்தும்விட்டது, பேச்சுத்தான் வரவில்லை. சொன்ன சொல் என்னாவது? அந்தப் பெண் என்னாவாள்? மூச்சைப் பிடித்து ஒரே முக்காக முக்கியது. தோல் கிழிந்தது.

பட்!

அதைப் பார்த்து அடுத்தது, அடுத்தது. படபடபடவென்று கரண்டியே அதிர்ந்தது. ஒன்று தெறித்துச் சடையன் மூக்கிலேயே விழுந்தது. "அடேங்கப்பா, காஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் போட்டுப் புரட்டி ரசத்தில் கொட்டினான். சொய்யென்று எழுந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது.

பாயில் கிடந்த மயிலாத்தா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "என்ன மாமா அது... கொஞ்சம் சோத்துல ஊத்திக் கொண்டாங்க."

ஒரு வாய் வாங்கினாள். இன்னொரு வாய் வாங்கினாள். கிண்ணத்தை வழித்துக் கொடுத்த பிறகும், "இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். சடையன் அங்கேயே சுவரில் சாய்ந்து, அப்பாடா என்று விம்மி விம்மி அழுதான். அழாமல் என்ன செய்வான்? போன உயிர் திரும்பி வந்திருக்கிறதே!

அதற்கப்புறம் அஞ்சறைப்பெட்டிக்குள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள்? கடுகுக்கும் பேச்சு வரவில்லை, அந்த ஒரு சத்தம்தான் தங்கியது. அன்று முதல்தான் தாளிப்பில் கடுகு முதலில் விழுகிறது. பசியோடு காத்திருக்கிறவர்கள் அது வெடிப்பதைக் கேட்டதும், தட்டில் இன்னும் ஒரு பருக்கைகூட விழாதபோதே, "அப்பாடா" என்று மூச்சு விடுவதும் அன்று முதல்தான்.